வானத்தில் குறட்டை!

2010-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி. பொழுது விடிந்து கொண்டிருந்த நேரம்.

மங்களூர் விமான நிலையத்தில் துபாய் விமானத்துக்காகப் பலர் காத்திருந்தார்கள். மனைவி, மக்கள், பெற்றோர், அண்ணன் தம்பி என்று ஒவ்வொருவருக்கும் ஒருவர் வர வேண்டி இருந்தது. வளைகுடா நாடுகளில் உழைத்துவிட்டு, கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் திரும்புகிறவர்கள்தான் அந்த விமானத்தில் அதிகம்.

காலை 6 மணி சுமாருக்கு விமானம் தரையைத் தொட்டது. ஆனால் நிற்கவில்லை. ஓடுபாதையின் கடைசியையும் தாண்டி ஓடியது. அதன் இறக்கை ஒரு கான்கிரீட் மேடையில் மோதியது. அடுத்த விநாடி, விமானம் பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்துக் கொண்டது.

விமானத்தில் இருந்தவர்கள் 166 பேர். 158 பேர் மாண்டு போனார்கள். உடைந்த விமானத்தின் பிளவு வழியாக வெளியே வந்து உயிர் தப்பியவர்கள் 8 பேர் மட்டுமே!

விமானத்தில் கோளாறு இல்லை. அடாத மழையோ புயலோ இல்லை. பிறகு எப்படி நடந்தது இந்தக் கோரம்?

பெட்டி சொன்ன சேதி

ஒவ்வொரு பிரயாணி விமானத்திலும் "கருப்புப் பெட்டி" என்று ஒன்று உண்டு. (பெயர்தான் கருப்பு. அதன் நிறம் ஆரஞ்சு!) விமானி அறையில் கேட்கும் சத்தம் எல்லாம் அதில் பதிவாகும். தீயில் வெந்தாலும் அது எளிதில் அழியாது.

மங்களூர் பெட்டியை எடுத்து, விசாரணை அதிகாரிகள் போட்டுக் கேட்டார்கள். 2 மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பதிவு. அதில் முதல் 1 மணி 40 நிமிட நேரம் விமானிகள் இருவருக்கும் இடையே பேச்சே இல்லை. கேட்டது என்ன தெரியுமா?

குறட்டைச் சத்தம்!

தலைமை விமானி தூங்கிக் கொண்டிருந்தார். துணை விமானி ஒருவரே வானொலியில் பேசி, விமானத்தைக் கவனித்துக் கொண்டிருந்தார். விமானம் மங்களூரை நெருங்கும் சமயத்தில்தான் தலைமை விமானி கண் விழித்தார். தொண்டையைக் கனைக்கிற சத்தமும் இருமலும் பெட்டியில் பதிவாகி இருக்கிறது.

தலைமை விமானி புதியவர் அல்ல. 10 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டியவர். மங்களூரில் பல முறை இறங்கியவர். அவருக்கு ஓய்வு கொடுக்காமல் வேலை வாங்கினார்களா என்றால், அதுவும் இல்லை. புறப்படுவதற்கு முன்பு போதுமான ஓய்வு நேரம் இருந்தது என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது.

அப்படியானால் ஏன் தூங்கினார்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

மனித உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடிக் கொண்டிருக்கிறது. பகலில் அது "விழித்திரு" என்கிறது. இரவில் "படு" என்கிறது. அதிலும் இரவு 2 மணியில் இருந்து காலை 6 மணி வரை அதன் பிடி மிகவும் பலம். உடம்பின் சூடு குறையும். கண் இமை கனக்கும். நினைவு தடுமாறும். முதல் நாள் பகலில் நன்றாகத் தூங்கியவரையும் அந்த நேரம் சும்மா விடாது.

இரவில் லாரி ஓட்டுகிறவர்களுக்கும், ஆலையில் மூன்றாவது ஷிப்டு பார்க்கிறவர்களுக்கும், ஆஸ்பத்திரி நர்சுகளுக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை.

துபாய் விமானம் பறந்ததும் சரியாக அந்த நேரத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. நடுச்சாமத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எழுந்து போகிறோம். பழகிய வீடுதான், ஆனாலும் தாழ்ப்பாள் எங்கே என்று கை தடவுகிறது. வந்தவர் சொல்வது காதில் விழுகிறது, புத்தியில் ஏறுவதில்லை. கண் விழித்துவிட்டது. மூளை இன்னும் விழிக்கவில்லை! அரை மணி நேரம்கூட இந்தக் கலக்கம் நீடிக்கலாம். ஆழ்ந்து தூங்கியவர்களுக்கு இது அதிகம்.

வீட்டில் தாழ்ப்பாள் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. வந்தவர் இரண்டு நிமிடம் நிற்பார். விமானம் நிற்குமா?

மூன்று முறை சொன்னார்

மங்களூர் விமான நிலையம் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. மேசையின் மேல் பலகை வைத்தது போல் ஓடுபாதை. அதன் முனையில் பள்ளம். அங்கே இறங்குகிறவர்கள் கவனமாக இறங்க வேண்டும்.

அன்றைக்கு மங்களூரில் ரேடார் வேலை செய்யவில்லை. அதனால் விமானம் கீழே இறங்க ஆரம்பிக்கத் தாமதமாகத்தான் அனுமதி கிடைத்தது. ஓடுபாதையை நெருங்கியபோது விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக மேலே இருந்தது. வேகமும் அதிகம்.

இந்த மாதிரி சமயத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். இறங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி ஒழுங்காக வந்து இறங்க வேண்டும். இதை விமானிகள் "கோ அரவுண்ட்" என்பார்கள். இதில் அவமானம் ஒன்றும் கிடையாது. பத்து நிமிடம் தாமதம் ஆகும். அவ்வளவுதான்.

துணை விமானி அதைச் சொன்னார். ஒரு முறை அல்ல, மூன்று முறை சொன்னார்! விமானத்தில் இருந்த எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. தலைமை விமானி கேட்கவில்லை.

ஓடுபாதையின் நீளம் சுமார் 8 ஆயிரம் அடி. விமானம் தரையைத் தொட்டது 5 ஆயிரத்து 200 அடியைத் தாண்டிய இடத்தில்! மிச்சம் இருந்தது சுமார் 2 ஆயிரத்து 800 அடி. பிரேக் போட்ட பிறகு தலைமை விமானி மனம் மாறினார். மறுபடியும் எழும்பப் பார்த்தார். அந்தக் கட்டத்தில் அப்படிச் செய்யவே கூடாது என்பது விமானம் செய்த போயிங் கம்பெனியின் விதி.

"இனிமேல் ஓடுபாதை இல்லை" என்ற கருத்தில் துணை விமானி சொன்ன வார்த்தை பெட்டியில் பதிவாகி இருக்கிறது.

சரி, துணை விமானிதான் நன்றாக விழித்திருந்தாரே, அவர் ஏன் விசையைத் தன் கையில் எடுத்து விமானத்தை எழுப்பவில்லை?

தலைமை விமானி தப்பு செய்தால் துணை விமானி எப்போது குறுக்கிடலாம் என்பது விதிகளில் தெளிவாக இல்லை. இது விசாரணை அதிகாரிகளே சொன்ன காரணம். விதியோடு மனிதர்களின் வழக்கமும் சேர்ந்து கொள்கிறது. பெரியவர் ஓட்டும்போது சின்னவர் ஸ்டியரிங்கைப் பிடுங்குவாரா? எந்த வீட்டில், எந்த ஆபீசில் அது நடக்கிறது?

இது நம் நாட்டு வழக்கம் மட்டும் அல்ல. 1977-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீப் தீவில், ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதிக் கொண்டன. 583 பேர் மாண்டார்கள். மோதிய டச்சு விமானத்தின் தலைமை விமானி தன் கம்பெனியில் பெரும் புள்ளி. "அந்த இன்னொரு விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா?" என்று அவருடைய என்ஜினீயர் சந்தேகம் கிளப்பினார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அடித்துச் சொல்லிவிட்டார். என்ஜினீயர் அதற்கு மேல் பேசவில்லை.

அந்த விபத்துக்குப் பிறகுதான், மேலே இருப்பவரை மடக்கிக் கேட்பது எப்படி என்பதையும் விமானிகளுக்கு ஒரு பாடமாகவே நடத்த ஆரம்பித்தார்கள்.

அரட்டை ஆபத்து

தூக்கம் ஒரு பக்கம். அரட்டை இன்னொரு பக்கம்.

1974-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி, அமெரிக்காவில் ஷார்லட் என்ற நகரில் ஒரு விமானம் மூடுபனியில் இறங்கியது. உயரத்தைப் பார்க்க வேண்டிய விமானிகள் இருவரும் அரசியல் பேசிக் கொண்டிருந்தார்கள். பழைய கார் விற்பனையைப் பற்றிப் பேசினார்கள். ஓடுபாதைக்கு முன்பே விமானம் தரையில் மோதியது. 70 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதன் பிறகு 1981-ல் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது. 10 ஆயிரம் அடிக்குக் கீழே விமானம் பறக்கும்போது, விமானிகள் வேலையைத் தவிர வேறு எதையும் பேசக் கூடாது.

விதி வந்தால் போதுமா? 10 ஆயிரம் அடிக்கு மேலே நடந்ததைக் கேளுங்கள்.

2009-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி, அமெரிக்காவின் சான் டியாகோவில் இருந்து மின்னியாபொலிஸ் நகருக்கு ஒரு விமானம் புறப்பட்டது. 144 பிரயாணிகள். மின்னியாபொலிஸ் வந்தது, போயும் விட்டது! விமானம் இறங்கவே இல்லை. நூறு மைலுக்கு மேல் தாண்டிப் போய்விட்டது.

தரையில் இருந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேலாக வானொலியில் கூப்பிட்டுக் கொண்டே இருந்தார்கள். பதில் இல்லை. விமானத்தை யாராவது கடத்திவிட்டார்களோ என்ற பயத்தில் போர் விமானங்களைத் தயார் நிலையில் நிறுத்தினார்கள். கடைசியில் விமானப் பணிப்பெண் ஒருவர், "எப்போது இறங்குவோம்?" என்று விமானி அறைக்குப் போன் செய்து கேட்டார். அப்போதுதான் விமானிகளுக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே தெரிந்தது!

தூங்கிவிட்டீர்களா என்று விசாரித்தார்கள். இல்லை என்றார்கள் விமானிகள். கம்பெனியில் புதிதாக வந்த வேலை நேர அட்டவணையைப் பற்றி, மடிக் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக் கொண்டு பேசினார்களாம். அதில் நேரம் போனதே தெரியவில்லையாம். இருவருடைய லைசென்சும் ரத்து ஆயிற்று. பிரயாணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரஷ்யாவில் நடந்தது இப்படி முடியவில்லை. 1994-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி இரவு, மாஸ்கோவில் இருந்து ஹாங்காங் போன விமானத்தில் ஒரு விமானி தம் மகனையும் மகளையும் கூட்டி வந்திருந்தார். நீண்ட இரவு. விமானம் தானாகவே பறக்கும் கருவியில் போய்க் கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு ஆசை. அப்பா தம் இருக்கையில் முதலில் மகளை உட்கார வைத்தார். பிறகு மகனை உட்கார வைத்தார்.

பையன் விசையைப் பிடித்துச் சற்று நேரம் அழுத்தித் திருப்பினான். தானியங்கிக் கருவியின் ஒரு பகுதி விலகிக் கொண்டது. மணி அடிக்கவில்லை, ஒரு சிறு விளக்கு மட்டும் எரிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. விமானம் மெல்லச் சாய்ந்தது. முதலில் அதைக் கவனித்தவனே அந்தப் பையன்தான்! பெரியவர்கள் சுதாரிப்பதற்குள் விமானம் தலைகீழாகப் பாய ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் உள்பட 75 பேரும் சைபீரியாவின் மலைக்காட்டில் மாண்டார்கள்.

பிள்ளை ஆசைப்பட்டால் அப்பா மறுக்க முடியுமா என்று கேட்கலாம். சைக்கிள் என்றால் மறுக்க வேண்டாம்.

இரட்டைக் குழந்தைகள்

மேலே சொன்னவர்களைக் கோபிக்கலாம். ஆனால் இந்தோனேசியாவில் நடந்த இந்தச் சம்பவத்தில் யாரைக் கோபிப்பது?

2024-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி. சுலவேசித் தீவில் உள்ள கெண்டாரியில் இருந்து ஜகார்த்தாவுக்கு ஒரு விமானம் புறப்பட்டது. 153 பிரயாணிகள். விமானிகள் இருவரும் அன்று விடியும் முன்பே ஜகார்த்தாவில் இருந்து கெண்டாரிக்கு விமானம் ஓட்டி வந்தவர்கள். இது திரும்பும் பிரயாணம்.

துணை விமானியின் வீட்டில் இரட்டைக் குழந்தைகள். பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முதல் நாள்தான் வீடு மாற்றிச் சாமான்களை எடுத்து வைத்திருந்தார். இரவில் ஒரு குழந்தை தூங்கினால் இன்னொன்று அழும். மனைவிக்கு உதவியாக அவரும் பல முறை எழுந்தார். சரியாகத் தூங்கவில்லை என்பதைத் தலைமை விமானியிடம் அவரே சொல்லியும் இருந்தார். அதனால் போகும்போது அவரைக் கொஞ்சம் தூங்க விட்டார் தலைமை விமானி.

திரும்பும்போது தலைமை விமானிக்குக் களைப்பு. "நான் சற்று ஓய்வு எடுக்கிறேன்" என்றார். துணை விமானி பொறுப்பை ஏற்றுக் கொண்டார். தலைமை விமானி தூங்கினார். கொஞ்ச நேரத்தில், தம்மை அறியாமலே துணை விமானியும் தூங்கிப் போனார்.

28 நிமிடம்! 153 பிரயாணிகளைச் சுமந்து கொண்டு விமானம் தானாகவே பறந்தது. ஜகார்த்தாவில் இருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. கடைசியில் தலைமை விமானி கண் விழித்தார். பக்கத்தில் பார்த்தார். துணை விமானி தூங்குகிறார்! விமானம் பாதையை விட்டு விலகி இருந்தது. அவரை எழுப்பி, பாதையைச் சரி செய்து, ஜகார்த்தாவில் பத்திரமாக இறக்கினார்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்காரர்கள் அந்தத் துணை விமானியைத் திட்ட மாட்டார்கள். ஆனால் இரவெல்லாம் தூங்காதவரை விடியும் முன்பே வேலைக்கு வரவழைக்கும்போது, "தூங்கினீர்களா?" என்று கேட்பது யார் வேலை? "தூங்கவில்லை" என்று அவர் சொன்னால், சம்பளத்துக்கும் உத்தியோகத்துக்கும் பங்கம் வராமல் வீட்டுக்கு அனுப்புவார்களா?

26 நிமிடத் தூக்கம்

தூக்கத்தைத் தூக்கத்தால்தான் தீர்க்க முடியும். காபி சற்று நேரம் தாங்கும். பிறகு கைவிட்டுவிடும்.

அமெரிக்காவின் நாசா நிலையத்தார் நீண்ட தூர விமானிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 1994-ல் வெளிவந்தது முடிவு. ஒரு கோஷ்டி விமானிகளுக்கு, நடுவானில் 40 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். ஒருவர் தூங்க, மற்றவர்கள் விழித்திருந்து பார்த்துக் கொண்டார்கள். அந்த ஓய்வில் சராசரி 26 நிமிடம் தூங்கினார்கள். அந்தச் சிறு தூக்கத்தால் அவர்களுடைய வேலைத் திறன் 34 சதவீதமும், விழிப்பு 54 சதவீதமும் கூடி இருந்தது. ஓய்வு கொடுக்காத கோஷ்டியினர், கண்ணைத் திறந்தபடியே சில விநாடிகள் தூங்கி வழிந்தார்கள். இறங்கும் நேரத்தில்கூட!

இப்போது பல நாடுகளில் இதை முறையாகவே அனுமதிக்கிறார்கள். விமானி அறையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் தூங்கலாம். மற்றவரிடம் சொல்லிவிட்டுத் தூங்க வேண்டும். வெளியே உள்ள பணிப்பெண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குறுகிய நேரம்தான். இறங்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே எழுந்து, கலக்கம் தெளிந்திருக்க வேண்டும்.

மங்களூர் விமானத்தில் நடந்தது இது அல்ல. அது நூறு நிமிடத் தூக்கம், விழித்ததும் இறக்கம்.

இறந்தவர்களின் வீட்டார்

2009-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, அமெரிக்காவில் பபலோ நகருக்கு அருகே ஒரு சிறு விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தனர்.

துணை விமானி ஓர் இளம்பெண். வேலைக்கு வருவதற்காக முதல் நாள் இரவு முழுவதும், நாட்டின் மேற்குக் கரையில் இருந்து கிழக்குக் கரைக்கு வேறு விமானங்களில் பிரயாணம் செய்து வந்தவர். தலைமை விமானி விமான நிலையத்தில் சிப்பந்திகள் அறையிலேயே இரவைக் கழித்தவர். கருப்புப் பெட்டியில் கொட்டாவிச் சத்தம் இருந்தது. 10 ஆயிரம் அடிக்குக் கீழே பேசக் கூடாத பேச்சும் இருந்தது. வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது, தலைமை விமானி விசையை முன்னால் தள்ளுவதற்குப் பதிலாகப் பின்னால் இழுத்துவிட்டார்.

இறந்தவர்களின் வீட்டார் அழுதுவிட்டு அடங்கிவிடவில்லை. புகைப்படங்களைக் கையில் ஏந்தி, வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள். 2010-ல் சட்டம் வந்தது. விமானிக்கு வேலைக்கு முன்பு குறைந்தது 10 மணி நேர ஓய்வு. அதில் தடையில்லாமல் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. இது 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது. சரக்கு விமான விமானிகளுக்கு மட்டும் இது கட்டாயம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். சரக்குக்காக வாஷிங்டனுக்கு யார் நடப்பார்கள்?

நம் நாட்டில்

இந்தியாவில் 2024 ஜனவரியில் புதிய விதிகளை அறிவித்தார்கள். விமானியின் வார ஓய்வு 36 மணி நேரமாக இருந்தது. அதை 48 மணி ஆக்கினார்கள். "இரவு" என்பது நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை என்று இருந்ததை 6 மணி வரை நீட்டினார்கள். இரவு வேலையில் ஒரு விமானி ஆறு முறை வரை விமானத்தை இறக்கலாம் என்று இருந்ததை, இரண்டு முறை என்று குறைத்தார்கள்.

கம்பெனிகள் அவகாசம் கேட்டன. 2025 ஜூலையில் ஒரு பகுதி விதிகளும், நவம்பரில் மறு பகுதியும் அமலுக்கு வந்தன. ஓய்வு கூடினால், அதே விமானங்களை ஓட்ட அதிக விமானிகள் வேண்டும். நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனியான இண்டிகோவிடம் போதிய விமானிகள் இல்லை. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அந்தக் கம்பெனியின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்களும், பரீட்சைக்குப் புறப்பட்டவர்களும் மூட்டை முடிச்சுகளோடு விமான நிலையங்களில் தவித்தார்கள்.

கூட்டம் கூச்சல் போட்டது. இரவு நேர விதிகள் சிலவற்றில் இருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10-ந் தேதி வரை அரசாங்கம் விலக்கு கொடுத்தது. விமானிகள் சங்கத்தார் அதை எதிர்த்தார்கள். விதி வரப் போவது இரண்டு வருஷங்களுக்கு முன்பே தெரியும், அதற்குள் ஆள் எடுத்திருக்கலாமே என்பது அவர்கள் கேட்ட கேள்வி.